இரண்டடி கிழக்கே

அனல்மின் நிலையம் வெறும் முள்காடாக இருந்தபோது அங்கே முதலில் கால் வைத்தவர்களில் அவரும் ஒருவர். சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடிப்பது வேலை. அதனால் பெயரும் சங்கிலி.

எல்லா அளவும் தொடங்க வேண்டிய முதல் கல்லுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டு சர்வேயர் டீ குடிக்கப் போனார். சங்கிலி கடப்பாரையை ஓங்கிப் போட்டார். ணங்கென்று பாறை. நாலு போட்டதில் உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். இரண்டடி கிழக்கே மண் வெண்ணெயாக இருந்தது. அங்கே நட்டு, சிமெண்டு ஊற்றி, குறியைக் காலால் தேய்த்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றார். சங்கிலி மேல் இருந்த நம்பிக்கையில் சர்வேயர் மறுபடி அளக்கவில்லை.

அந்தக் கல்லை வைத்துத்தான் கொதிகலன், டர்பைன், புகைபோக்கி எல்லாம் எழுந்தன. அரசாங்கம் கட்டியது கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயர்ப்பலகை மாறியது, சங்கிலி மாறவில்லை. நிலக்கரிக் கிடங்கில் மேற்பார்வையாளரானார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் மூன்றாவது முதலாளி வாங்க வந்தார். அவர் அனுப்பிய பெண் பொறியாளர் புதுக் கருவியால் அளந்தார். கிழக்கு மதில் இரண்டடி வெளியே, சாலைத் துறை நிலத்தில் நின்றது. கைமாற்றமும் நின்றது.

"செத்துப்போன சர்வேயர் தப்புன்னு எழுதிடலாம் மேடம். எழுந்து வந்தா கேக்கப்போறாரு?" என்றார் மேலாளர்.

பக்கத்தில் நின்று இதைக் கேட்ட சங்கிலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "வாயைத் திறந்தா வேலை போயிடும்," என்றார் மனைவியிடம்.

"திறக்கலைன்னா சோறு போகாது போலிருக்கே. போய்ச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் பொறியாளர் முன்னால் நின்றார். "அவரு குறிச்ச இடம் சரிதான் மேடம். பாறை இருந்துச்சு. நான்தான் தள்ளி நட்டேன்."

"அப்போ கொதிகலன்?"

"ரெண்டடி தள்ளி."

"டர்பைன்?"

"ரெண்டடி."

"அவ்ளோ பெரிய புகைபோக்கி?"

"அதுவுந்தான். எல்லாம் ஒண்ணா தள்ளினதால யாருக்கும் தெரியலை."

பொறியாளருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "தள்ளினது பரவாயில்லைங்க. எழுதி வச்சிருக்கணும்ல?"

சர்வேயர் பெயர் தப்பியது. சங்கிலியின் வேலையும் தப்பியது. மதிலை இடித்து உள்ளே தள்ளிக் கட்டும் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டினார்கள். மூன்று முறை அளந்தார். மூன்றாவது பெயர்ப்பலகை ஏறியது.

ஓய்வு பெற்ற பதினோராம் வருடம் இறந்தார். குழி வெட்டியவர் கடப்பாரையை நிறுத்தினார்.

"பாறை தட்டுதும்மா. கொஞ்சம் தள்ளிக்கலாமா?"

பொறியியல் படித்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளிக்கோங்கண்ணே. எத்தனை அடி, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. எழுதி வச்சுக்கறேன்."