குண்டடம் தாண்டி ஏறின சூடு

ஆறுச்சாமியைப் பத்தி தாராபுரத்துல யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுசனுங்க, அதிர்ந்து பேச மாட்டாரு" என்பார்கள். இருபத்திரண்டு வருசமா வாடகைக் கார் ஓட்டறார். வைதவனையும் "சரிங்க"ன்னு சொல்லி, ஊட்டு வாசல்லயே கொண்டுபோய் இறக்கி விட்டுப்போட்டு வருவார். அந்த நல்ல குணம் அன்னைக்கு ஒரு புள்ளையின் தலையில போய் விடிஞ்சது.

மே மாசத்து ஞாயித்துக்கிழமை. பத்தரைக்கு பிந்துவும் அவ மக சாய்ப்ரியாவும் கார்ல ஏறினாங்க. கோயமுத்தூர்ல நீட் பரீட்சை. ரெண்டு மணி நேரப் பாதை. ஒன்றரைக்குக் கேட்டைச் சாத்திருவாங்க, அப்புறம் மந்திரியே வந்து நின்னாலும் திறக்க மாட்டாங்க. போன வருசம் பன்னிரண்டு மார்க்குல டாக்டர் சீட்டை விட்டுப்போட்டு, ஒரு கல்யாணம் காட்சின்னு போகாம, உட்கார்ந்து படிச்ச புள்ளை அது.

காரோட கதை வேற. ஆறுச்சாமி ஊட்டுக்கு நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வரும். அதைக் காருக்கு ஊத்துனா அவர் சம்சாரம் சாந்தாமணி விட்டு வைப்பாளா? அதனால ரேடியேட்டருக்கு எப்பவும் போர் தண்ணிதான். உப்புத் தண்ணி. "அண்ணா, உள்ளே உப்புக் கட்டிப்போச்சு, கழட்டிச் சுத்தம் பண்ணோணும்"னு மெக்கானிக் உவைஸ் போன வாரமே சொன்னான். "அடுத்த வாரம் வாரேனுங்க"ன்னு இவரும் சொல்லிப்போட்டு வந்துட்டார்.

குண்டடம் தாண்டினதும் சூடு காட்டற முள் மேலே ஏற ஆரம்பிச்சது. ஆறுச்சாமி வேகத்தைக் குறைச்சார். ஏசியை நிறுத்தினார்.

"காத்து நல்லா வருதுங்க அம்மணி, கண்ணாடியை இறக்கிக்கலாமுங்களா?"

அக்னி நட்சத்திரத்துல என்னய்யா காத்து! வண்டி சூடாகுதுன்னு வாய்விட்டுச் சொல்லித் தொலைக்கறதுதானே? மாட்டார். பரீட்சைக்குப் போற புள்ளை பயந்துக்குமாம்.

சூடு தணியட்டும்னு வழியில ஒரு டீக்கடையில நிறுத்தி, ஓரமாப் போய் நின்னார். அங்கே தெரிஞ்ச டிரைவர் மிதுன், காலி வண்டியோட கோயமுத்தூர் கிளம்பிட்டிருந்தான். "உங்க வண்டி பொகையுதேண்ணா. அவங்களை நான் கூட்டீட்டுப் போறேன்"னு காதோரமாச் சொன்னான். பாதி வழியில ஆளை மாத்தி விட்டா மரியாதையா இருக்குமா? "வேண்டாங்க தம்பி, சமாளிச்சுக்கறேன்" என்றார். மிதுன் வண்டி கண்ணுக்கு மறைஞ்சுபோச்சு.

பல்லடத்துக்கு இந்தப் பக்கம் 'டப்'புன்னு ஒரு சத்தம். பேனட்டுக்கு அடியில வெள்ளையா ஆவி. மணி பன்னிரண்டு அஞ்சு. எஞ்சின் செத்துப்போச்சு. போன் பண்ணின டாக்ஸியெல்லாம் பரீட்சைச் சவாரிக்குப் போயிருந்தது. ஆறுச்சாமி துண்டை வீசிக்கிட்டு நடுரோட்டுக்கு ஓடினார். வாழ்க்கையில ஒருத்தரை இரைஞ்சு கூப்பிடாத மனுசன், தொண்டை கிழியக் கத்தினார். மூணு பஸ் நிக்காமப் போச்சு. நாலாவது பஸ்ஸுக்கு முன்னால போய் நின்னே மறிச்சார். பன்னிரண்டு நாப்பது. பிந்து முன்னால ஏற, சாய்ப்ரியா ஹால் டிக்கெட்டை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு படியில தொத்தினாள்.

அப்புறம் காரோரம் வெயில்லயே உட்கார்ந்திருந்தார். ஒன்று இருபது. ஒன்றரை. ஒன்று நாப்பதுக்குப் போன் அடிச்சது. எடுக்கவே கை வரல.

"கேட்டைச் சாத்திப்போட்டாங்கண்ணா." பிந்துதான் பேசினாள். "நாலு நிமிசமுங்க. வெறும் நாலு நிமிசம். கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, வரமாட்டேங்கறா."

ஆறுச்சாமிக்கு மறைக்கத் தோணலை. "அம்மணி, குண்டடத்துலயே எனக்குத் தெரியுமுங்க. நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லலைங்க. எல்லாம் என்னாலதானுங்க. வாய்க்கு வந்தபடி வையுங்க."

போன்ல பின்னால புள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"உங்களை எப்படிண்ணா வைவேன்? நானும் பின்சீட்டுல இருந்து அந்தச் சூட்டு முள் ஏறறதைத்தான் பார்த்துக்கிட்டே வந்தேனுங்க. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். இவகிட்ட நான் இதை எப்படிச் சொல்லுவேனுங்க?"