கருடன் கொண்டுபோன குஞ்சுகள்

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்கு அப்பா காவல். மலையடிவாரத்தில் எங்களுடையது ஒன்றுதான் வீடு. கோழி வளர்க்க அதைவிட மோசமான இடம் கிடைக்காது. ஆனால் அக்காவுக்கு எலும்புருக்கி. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. தினமும் பச்சை முட்டை கொடுக்கச் சொன்னார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். அதனால் அம்மா கோழி வளர்த்தாள். காட்டுக்கு வளர்த்தாள் என்றே சொல்ல வேண்டும். அடைத்துப் போட்டால் தீனிக்கு வழியில்லை. மேயவிட்டால் புதருக்குள் காட்டுப்பூனை, வேலியோரம் கீரி, தலைக்கு மேலே பருந்து. கடைசியில் இரண்டு பெட்டைகள் மிஞ்சின. ஒன்று முட்டையிட்டது, மற்றது ஒன்பது குஞ்சு பொரித்தது. முட்டை முழுக்க அக்காவுக்கு. திடமாக இருந்த குற்றத்துக்காக எனக்கு ஒன்றுகூடக் கிடையாது.

குஞ்சுகளுக்கு நான் காவல். பருந்து வட்டமிட்டால் தகரத்தைத் தட்ட வேண்டும். ஆனால் ஒரு சனிக்கிழமை வந்தது கருடன். வெள்ளைக் கழுத்து, செம்மண் நிறச் சிறகு. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேண்டியதைக் கேட்கச் சொல்லியிருந்தாள் அம்மா. தகரத்தைக் கீழே வைத்தேன். அக்காவுக்குச் சுகமாக வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டேன். திறந்தபோது ஒரு குஞ்சு ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. மறுநாளும் வந்தது, நானும் விடாமல் கும்பிட்டேன். ஒரே வாரத்தில் ஒன்பதும் போயின.

“ஏட்டி, தகரத்தைத் தட்டலையா?” என்று அம்மா கையை ஓங்கினாள்.

“கருடன்ம்மா. அக்காவுக்காகக் கேட்டேன்.”

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அந்தப் பறவையைத் திட்ட அவளுக்கும் வாய் வரவில்லை. எனக்கு இன்றுவரை அதன்மேல் ஆத்திரம் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவை வண்டியில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும் அம்மா அக்காவைப் பாயில் படுக்கவைத்துத் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மாட்டை அவிழ்க்காமல் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அன்று சாயங்காலம் கோழிகளை யாரும் அடைக்கவில்லை. குஞ்சுகளைத் தொலைத்த கோபம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் ஒரு பெட்டையைக் காணோம். மற்றது வைக்கோலில் முட்டையிட்டிருந்தது. சூடு ஆறுமுன் அம்மாவிடம் ஓடினேன். அவள் அதை உடைத்து என் வாயருகே கொண்டுவந்தாள்.

“அக்காவுக்கு வேணும்மா,” என்றேன்.

“நீ குடிட்டி.”

அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.