வௌவாலுக்கு ஒரு ஆமென்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. டீயை வாயில் வைக்கப் போகிறேன், ஞானராஜிடமிருந்து போன்.

"மாப்ள, எங்க இருக்க? உடனே விளாங்குடி வீட்டுக்கு வா. வரும்போது சிவப்புல ஒரு பேனா, பச்சையில ஒரு பேனா வாங்கிட்டு வா."

ஞானராஜ் என் கல்லூரித் தோழன். இருவருக்கும் ஒரே திருச்சபை. மறுநாள் அவன் மகள் பியூலாவைப் பார்க்க மேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பையனும் பியூலாவும் ஒரே ஆபீஸ். ஒருவரையொருவர் பிடித்துப்போன பிறகு, 'ஏற்பாடு' செய்யும் வாய்ப்பைப் பெரியவர்களுக்குப் பெருந்தன்மையோடு கொடுத்திருந்தார்கள். இதில் பேனாவுக்கு என்ன வேலை?

போனேன். ஹாலில் ஞானராஜ் ஒரு பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மெர்சி, பைபிளின் லெதர் உறையைக் கசக்கிப் பழசாக்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்டாம். போகிற வீட்டில் முதலில் பைபிளைத்தான் எடுத்துப் புரட்டுவாராம். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், தூசி படிந்த பைபிளைப் பார்த்ததும் காபிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாராம். சொன்னவர், பேருக்கு நடுவில் வைத்துக்கொண்ட தரகர்.

ஞானராஜ் வீட்டு பைபிளோ, புதுமனைப் பிரதிஷ்டைக்கு மச்சினன் கொடுத்த பரிசு. ஜிப் வைத்த உறை, பொன் விளிம்பு. இந்தப் பொன் விளிம்பில் ஒரு சிக்கல் உண்டு. வாசிக்காமல் வைத்திருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே கிடக்கும். திறந்தால் 'சர்ர்...' என்று சத்தம் போட்டு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞானராஜுக்கு வாசிக்கும் எண்ணமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணத்துக்குக் குறைச்சலே கிடையாது! ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. போனில் மணி அடித்து எழுப்பும் ஆப் ஒன்று, வாசித்துக் காட்டும் ஆப் ஒன்று, வாசிக்காவிட்டால் வருத்தப்படும் ஆப் ஒன்று. சபை வாட்ஸ்அப் குரூப்பில் காலை வசனம் வந்ததும் விழுகிற முதல் 'ஆமென்' அவனுடையதுதான். வசனப் படம் டவுன்லோட் ஆகியிருக்கக்கூட நேரம் இருக்காது.

நமக்கு ஒரு பழக்கம் என்றால் முதலில் சாமான் வேண்டும். வாக்கிங் போக ஷூ. யோகாவுக்குப் பாய். வேதம் வாசிக்க ஸ்டாண்டு, ஹைலைட்டர், ஜிப் உறை... வாசிப்பு மட்டும் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து! பைபிள் இல்லாத வீட்டு வாசகர்களே, சிரிக்காதீர்கள். பயபக்தியோடு உயரத்தில் வைத்து, பயபக்தியோடு தொடாமலே விட்ட ஒரு புத்தகம் உங்கள் வீட்டிலும் இருக்கிறதுதானே? என் வீட்டு பைபிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

"கோடு போடு மாப்ள. பச்சையில நீ, சிவப்புல நான்" என்றான் ஞானராஜ்.

"எதுக்குக் கீழடா?"

"எதுக்குக் கீழயாவது போடு! எல்லாத்தையும் வாசிச்சுக்கிட்டு இருந்தா கல்யாணமே முடிஞ்சிரும்."

பியூலா எட்டிப் பார்த்தாள். "வேணாம்ப்பா. அவங்க ஏதாச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"எல்லாம் உனக்காகத்தான். நீ பேசாம இரு."

போட்டோம். இரண்டு படித்த மனிதர்கள் உட்கார்ந்து, வாசிக்காமலே வேதாகமத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் வந்தார்கள். கேசரி, மிக்சர், விசாரிப்புகள். "ஒரு பகுதி வாசிச்சு, ஜெபம் பண்ணி ஆரம்பிப்போமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் வீடுகளில் பெண் பார்ப்பது இப்படித்தான் தொடங்கும். ஞானராஜ் பைபிளை நீட்டினான். சத்தமில்லாமல் திறந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த அம்மா புரட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே... லேவியராகமத்துல நிறையக் கோடு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. அது நான் ரொம்ப விரும்பி வாசிக்கிற பகுதி."

"சாப்பிடக் கூடாத பறவைங்க பேரா வருது. வௌவாலுக்குக் கீழ ரெண்டு கோடு. பக்கத்துல ஸ்டார் போட்டு ஆமென்னு எழுதியிருக்கீங்க. இந்த வசனம் உங்களோட எப்படிண்ணே பேசுச்சு?"

வௌவால் எப்படிப் பேசும்? ஞானராஜ் என்னைப் பார்த்தான். நான் கேசரியைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி..."

பியூலாதான்.

"அது நேத்து சாயங்காலம் போட்ட கோடு. நீங்க பார்ப்பீங்கன்னு போட்டது. இந்த பைபிளை நாங்க யாரும் ஒழுங்கா வாசிச்சதில்ல. நானும்தான். வாசிக்கணும்னு ஆசை இருக்கு, பழக்கம் இல்ல. எனக்கு உங்க வீட்டுக்கு வரணும் ஆன்ட்டி. ஆனா பொய் சொல்லிட்டு வரவேணாம்."

பிறந்ததிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் ஆசைப்பட்ட வாழ்க்கை, நாங்கள் இரண்டு கிறுக்கர்கள் போட்ட கோட்டில் போய்விடும் போலிருந்தது. மெர்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஞானராஜ் தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா!

"எங்க வீட்டு பைபிளை வந்து பாரும்மா. முதல் பத்துப் பக்கம் கிழிஞ்சு தொங்கும். மிச்சமெல்லாம் கடையில இருந்து வாங்கிட்டு வந்த மாதிரியே இருக்கும். வருசா வருசம் புது வருசத்தன்னைக்குப் படைப்புல ஆரம்பிப்பா உன் மாமியா. நோவா பேழையில ஏறுனதும் இவ இறங்கிருவா."

'மாமியா' என்று சொல்லிவிட்டார், கவனித்தீர்களா? மெர்சிக்கு உயிர் வந்தது. அந்தத் தைரியத்தில், தூசி பைபிள் கதையையும் தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டார்.

"யாரு சொன்னா? அந்த வீட்டுல அம்புட்டுப் பெரிய நாய் ஒண்ணு நின்னுச்சு. எனக்கு நாய்னா பயம். அதான் எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்!" என்றார் அந்த அம்மா.

தரகர் நீடூழி வாழ்க.

பிறகு பியூலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொன்ன பாரு, எனக்கு அது போதும்த்தா." ஞானராஜ் பக்கம் திரும்பினார். "அண்ணே, நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஒரு கண்டிஷன். தினமும் காலையில நாலு வசனம். மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிப்போம், அது சின்னது. வாசிச்சிட்டு போன்ல பேசிக்குவோம். நானும் எம்புட்டு வருசந்தான் பேழையிலயே நிக்கிறது?"

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாசிப்பு மறுநாளே ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் ஒரு காலையில் விளாங்குடிக்குப் போயிருந்தேன். காபிக்கு முன்னால் மேலூரிலிருந்து போன். "வாசிச்சாச்சாண்ணே? எதுல நிறுத்துனீங்க?" ஞானராஜ் எழுந்து நின்று பதில் சொல்கிறான்! ஆப் இல்லை, ஹைலைட்டர் இல்லை. கையில் அதே பைபிள், கண்ணில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். "நாலு வசனந்தான் மாப்ள, ஆனா அதுல ஒண்ணாச்சும் நாள் பூரா மனசுல நிக்குது" என்றான். கேலியில்லாமல் சொன்னான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"இத்தனை வருசமா வராத பழக்கம் இப்ப எப்படிடா வந்துச்சு? ஒருநாள் வாசிக்காம விட்டாத்தான் என்ன?"

காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னான்:

"ஆண்டவர் மன்னிச்சிருவாரு மாப்ள... சம்பந்தியம்மா?"