கிணற்றில் வந்த பெட்ரோல்

"தம்பி, நம்ம கிணத்துல பெட்ரோல் வந்துருச்சுங்க. உடனே வாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை காலை, செல்போனில் பழனிசாமி அண்ணன். நொய்யல் ஆற்றோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். தோட்டத்து மூலையிலேயே எக்ஸ்போர்ட்டுக்கு டி-ஷர்ட் தைக்கும் சின்ன யூனிட்டும் உண்டு.

எனக்கு எதற்கு இந்த அழைப்பு? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்த கதையை இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதில் கொஞ்ச காலம் குஜராத் பக்கம், எண்ணெய் தேடும் சர்வே குழுவுக்குக் கேபிள் சுமந்தேன். தோள் உரியும், சோறு கிடைக்கும். எனக்கும் பெட்ரோலுக்கும் உறவு அவ்வளவுதான். அண்ணனுக்கு அது போதும் — நான் எக்ஸ்பர்ட்.

போனேன். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், வெயிலில் மினுங்கிக்கொண்டு. வாளியில் மொண்டு முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம் இல்லை... சாயப்பட்டறை வாசம். சொன்னேன்.

"கேபிள் தூக்குனவருக்கு வாசம் எப்படீங்க தெரியும்?" என்றார், மரியாதையாகவே. என் எக்ஸ்பர்ட் பதவி அத்தோடு போயிற்று.

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. மறுநாள் ஊரே பாட்டில்களில் கிணற்றுத் தண்ணீரோடு கலெக்டர் ஆபீஸ் கிளம்புகிறது. சாயத் தண்ணீரை ஆற்றில் விடாதே என்று மனு. ஆற்றுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அண்ணனின் கிணறு. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் மனுவுக்குப் பாதி பலம் போய்விடும். அண்ணனோ வர மறுத்துவிட்டார்.

"கெட்ட தண்ணின்னு நம்ம வாயாலயே சொல்லிப்போட்டா, அப்புறம் பெட்ரோல்னு எவனுங்க நம்புவான்?"

பின்னால் தென்னைகள் மட்டை தொங்கிக் கருகி நின்றன. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது — பூமிக்குள்ளிருந்து வரும் கேஸ்.

நல்லவேளை, அவருடைய அக்கா மகள் சுகந்தி ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். மும்பையில் எண்ணெய்க் கம்பெனி வேலை. எண்ணெய் உருவாகும் பாறை எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பவள். மோட்டார் ரூமில் லேப்டாப்பைத் திறந்தாள். உலக மேப்தான்... ஆனால் நாம் பார்த்த உலகம் இல்லை. இந்தியா தெற்கே எங்கோ, ஆப்பிரிக்காவை ஒட்டிக் கிடந்தது.

"கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி எங்க கடல், எங்க மலைன்னு முதல்ல போட்டுக்குவோங் மாமா. அன்னிக்குக் காத்து எப்படி அடிச்சிருக்கும், மழை எங்க பேஞ்சிருக்கும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சில கரையில காத்து அடிச்சா, கடலடித் தண்ணி மேல வரும். கண்ணுக்கே தெரியாத உயிரெல்லாம் அங்க கூட்டங்கூட்டமா வளரும், சாகும், அடியில படியும். அடியில காத்தில்லாட்டி மக்காது. மேல மண்ணு மூடி, ஆழத்துல சூட்டுல வெந்தா எண்ணெய்."

"செரி கண்ணு. நம்ம தோட்டத்துல கடல் எப்ப இருந்துச்சு?"

"இல்லவே இல்லீங் மாமா. அப்பவும் இது மேட்டு நெலந்தான். கீழ பூரா கருங்கல்லு."

அண்ணன் விடுவாரா?

"ஓடாத தண்ணி, செத்த மீனு, மேல சேறு. நீ சொன்னதெல்லாம் கீழ நம்ம ஆத்து டேம்ல இப்பவே இருக்குதே கண்ணு. இனிமேலாச்சும் ஆகாதா?"

சுகந்தி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஆகாதுங் மாமா. அதுக்குப் பூமி கீழ எறங்கோணும், மேல மண்ணு சேந்துட்டே இருக்கோணும். இங்க மண்ணு கரைஞ்சுதான் போகும். மூடி வெக்காது."

எனக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை. கேபிள் சுமந்த நாட்களில், இந்தப் பசிக்குள் ஏதோ ஒரு நல்லது ஒளிந்திருக்கிறது என்று நானும்தான் நம்பினேன். ஒன்றும் இல்லை. பசி வெறும் பசிதான். கெட்டதைக் கெட்டது என்று ஒத்துக்கொள்ள நமக்கெல்லாம் ஏன் இவ்வளவு நாளாகிறது?

கடைசியில் அண்ணன் எழுந்துபோய்க் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டிலை நிரப்பினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"கலெக்டர் என்ன கலர்னு கேட்டா என்னங்க தம்பி சொல்றது? போன மாசம் செவப்பு. இப்ப நீலம்."

"எக்ஸ்போர்ட் ஆர்டர் என்ன கலரோ, அதுதானுங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அப்படீன்னா இது நம்ம யூனிட்டு ஆர்டருங்க" என்றார்.

நான் போட்டிருந்த, எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட ரிஜெக்ட் டி-ஷர்ட்டும் நீலம்தான்.