சரிதாவின் வலது இமை

தன் செருப்பைக் கடித்த நாயின் பேரன் நாய்க்குக்கூடச் சோறு போடாதவள் குமாரபாளையத்துச் சரிதா. விசைத்தறிக்கு நூல் சுற்றிப் பிழைப்பவள். அவளிடம் போய் வம்பை விலைக்கு வாங்கினாள் அழகு நிலையம் நடத்தும் தேவிப்ரியா.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நெற்றிச் சுருக்கத்தைப் போக்க சரிதா அங்கே போனாள். டாக்டர் வந்து ஊசி போடுவார் என்று சொல்லிவிட்டுத் தேவிப்ரியாவே போட்டுவிட்டாள். சில நாளில் நெற்றி மொழுமொழுவென்று ஆனது; கூடவே வலது இமை பாதிக் கண்ணுக்கு இறங்கியது. கல்யாணத்தில் தனக்குத்தான் கண்ணடிக்கிறாள் என்று மாப்பிள்ளையின் தாத்தா ஓயாமல் மீசையை முறுக்கிக்கொண்டார்.

போய்க் கேட்டதற்குத் தேவிப்ரியா, “ஊசியாலயா? உங்க கண்ணு பொறப்புலயே அப்புடித்தானுங்கக்கா” என்றாள்.

அவள் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைத்து, அந்த ஊசியையும் ஒழித்துக்கட்டாமல் விடுவதில்லை என்று சரிதா கறுவினாள்.

சேலத்துத் தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, “மருந்து இமைத் தசைக்குப் பரவிடுச்சும்மா. சில வாரம், சில மாசத்துல தானா சரியாகும். முழுங்கவோ மூச்சு விடவோ சிரமமா இருந்தா உடனே வரணும். சொட்டு மருந்து தரட்டுமா?” என்றார்.

“அதப் போட்டா கண்ணு சீக்கிரம் தெறந்துக்குமுங்களா?”

“கொஞ்சம் தூக்கிக் குடுக்கும்.”

“அப்ப வேண்டாமுங்க. தெறந்துட்டா நான் எதைக் காட்டறது?”

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அழகு நிலையத்து வாசல் நாற்காலியில்தான் அவள்.

“ஏனுங்கக்கா, கண்ணுக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டாள், ஊசி போட வந்த ஒருத்தி.

“ஒண்ணுமில்ல சாமி, இங்கதான் ஊசி போட்டேன். நெத்தியப் பாரு, கண்ணாடியாட்ட இருக்குது. கண்ணுதான் கொஞ்சம் உழுந்துருச்சு.”

கேட்டவள் பவானிப் பாலம் தாண்டும்வரை ஓட்டத்தை நிறுத்தவில்லை.

ஆனால் இமை மெல்ல மேலேறத் தொடங்கியது. வஞ்சம் தீருமுன் கண் தேறிவிடுமே என்று சரிதா தினமும் இமையை அளந்து பார்த்தாள். கண்ணாடி முன் நின்று அரைக்கண் மூடப் பழகினாள். முழுசாகக் குணமான பிறகும் இமையைத் தொங்கவிட்டபடியே வந்து உட்கார்ந்தாள்.

ஒரு கல்யாணப் பெண் தோழிகளோடு வந்து, அவளைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள். தேவிப்ரியா உடைந்துபோனாள்.

“நில்லுங்க! நாந்தாங்க ஊசி போட்டேன். அதுனாலதான் அக்கா கண்ணு இப்புடி. அந்தப் படிப்பெல்லாம் எனக்கு இல்லீங்க. இனி அந்த ஊசியத் தொடவே மாட்டேன்!” என்று அழுதவள், ஊசி விளம்பரப் பலகையைத் தன் கையாலேயே இறக்கினாள்.

சரிதா எழுந்து உள்ளே போய்ச் சாய்ந்துகொண்டாள். “புருவம் மட்டும் எடுத்துவுடு சாமி.”

நூலைப் பல்லில் கடித்தபடி தேவிப்ரியா குனிந்தாள். மூக்குக்கு நேரே அந்த வலது கண் மெதுவாக, அகலமாகத் திறந்தது.

“கத்தாத. அந்தப் பக்கமும் எடு.”