முகம் வரையாத படம்

எங்கள் சுபேதார் சாப்பின் டீக் குவளையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, கைப்பிடியில் ஒரு பூட்ஸ் கயிறு. பனிமலைக் காவலில் இருந்தபோது அந்தக் கயிற்றை பெல்ட்டில் கட்டிக்கொண்டே திரிவார். வேறு யாரும் அதைத் தொட முடியாது. அங்கே எல்லோருக்கும் புருவம் வரை இழுத்த கம்பளிக் குல்லாய், கறுப்புக் கண்ணாடி. முகத்தை வைத்து ஆளை அடையாளம் தெரியாது. நீட்டுகிற குவளையைப் பார்த்துத்தான் இன்னார் என்று தெரிந்து டீ ஊற்றுவோம்.

நான் பள்ளிப் படிப்போடு பட்டாளத்துக்குப் போனவன். ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்தில் கடைகளுக்கு போர்டு எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் ரெஜிமென்டின் பழைய ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை கடலூரில் கூடுவோம். போன வருடம், ரெஜிமென்ட் சாப்பாட்டுக்கூடத்துக்கு நம் பங்காக ஒரு படம் அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். மழைக்காலம் முழுக்கக் கீரப்பாளையம் வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். சண்டைக் காட்சி எதுவும் வைக்கவில்லை. பட்டாளம் என்றதும் என் மனதில் வருவது, விடியற்காலையில் ஸ்டவ்வைச் சுற்றி நின்று டீக்குக் கைநீட்டிய எங்கள் கூட்டம்தான். குல்லாய்களும் கண்ணாடிகளும் அன்று இருந்தபடியே வந்தன. நீட்டிய குவளைகளை மட்டும் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வரைந்தேன்.

இந்த வருடம் கடலூரில் கூடியபோது, படத்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் சாப்பின் முகம் மாறியது.

“என்னய்யா இது? ஒருத்தனுக்கும் மூஞ்சி இல்ல! இத அனுப்பறதா? பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. ஃப்ளெக்ஸ் கடையில நல்லதா ஒரு பீரங்கி படம் அடிச்சி அனுப்பிடலாம்.”

அவர் சொல்லிவிட்டால் எங்களுக்கு அது இன்றும் ஆர்டர். துணியை எடுத்துப் படத்தை மூடப் போனேன்.

“இரு மச்சான், மூடாத” என்று குனிந்தான் காட்டுமன்னார்கோயில்காரன். “தோ பாரு, கைப்பிடி ஒடஞ்சி கம்பி சுத்துனது. இது என்னுதுடா!”

“அப்ப அந்த நசுங்குனது என்னுது!”

“கரி புடிச்சது ஒன்னுதான். ஸ்டவ் மேலயே வெச்சிக்கினு அழுவியே!”

வயதை மறந்து ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு தேடினார்கள். ஒருவர் மட்டும் ஓரத்தில் நட்சத்திரம் கீறிய குவளையில் விரலை வைத்து நின்றார். அது எங்களோடு மலையிலிருந்து இறங்காதவனுடையது.

சாப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். அந்தக் கயிறு கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தக் கயிறக்கூட உட்டுவெக்கலியா நீ?”

பிறகு நிமிர்ந்து, மைதானமே கேட்கும் பழைய குரலில் சொன்னார்: “ஃப்ளெக்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதுதான் போவுது. தூக்குங்கய்யா!”

கூப்பிட்ட ஆட்டோவுக்குள் படம் நுழையவில்லை. அதனால் என்ன? திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் வரைக்கும் சுமந்தே போனோம். முழங்கால் வலிக்காரர்கள்கூடத் அணிவகுப்பில் போல் தாமாகவே கால் சேர்த்து நடந்தார்கள். பின்னால் ஒதுங்கிய என்னைக் கையைப் பிடித்திழுத்து முன்னால் விட்டார் சாப். எதிரே வந்த டவுன் பஸ் ஓரங்கட்டி நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“யாரு சார் படத்துல இருக்கறவங்க?”

சாப் நடையை நிறுத்தாமல் சொன்னார்: “நாங்கதான்யா!”