சத்தம் போடாத பிள்ளைகள்

தெருவில் எல்லோரும் அவரை மிஷன்காரர் என்றார்கள். புதிதாகக் கேட்பவர்கள் அவர் ஏதோ பிரசங்கியார் என்று நினைத்துக்கொள்வார்கள். பிரசங்கத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால்கூட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடல் தாண்டி ஒரு வறண்ட நாட்டில், ஊருக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் வயரிங்கையும் பார்த்துக்கொண்ட ஆள் அவர். ஆபரேஷன் நடக்கும்போது விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டதுதான் தன் ஊழியம் என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

மனைவி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட, இவரும் பழகிப்போய் வீட்டிலும் அப்படியே கூப்பிட்டார். "கட்டின பொண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

ஒரே மகள். இவர்கள் கப்பலேறியபோது அவளுக்கு ஒன்பது வயது. போகிற இடத்தில் பள்ளிக்கூடம் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்று அவருடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். விடுமுறைக்கு வந்துபோன அப்பா அம்மாவை அவள் விருந்தாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அத்தையிடம் வளர்ந்தாள், அத்தை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். இப்போது புருஷனும் பெண்டாட்டியுமாகச் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறார்கள். இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஏழு வயது, அவள் சேட்டைக்கு வாலு என்று பெயர். சின்னவனுக்கு நாலு வயது, அவன் உருண்டை.

மிஷன்காரர் ஊர் திரும்பியது அவராக முடிவெடுத்து அல்ல. துப்பாக்கி வைத்திருந்த ஒரு கூட்டம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்துவிட்டது. அதன் பிறகு மிஷன் அந்த இடத்தையே இழுத்து மூடியது. மகளிடம் போனில், "கலவரம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்று மட்டும் சொன்னார்கள். சிஸ்டருக்கும் முழுதாகத் தெரியாது. அன்றைக்கு அவள் தடுப்பூசி போட ஜீப்பில் தொலைவில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தாள். குழந்தைகள் வார்டில் இருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டார், மறுநாள் காலையில்தான் வெளியே வந்தார், அந்தப் பக்கத்தில் உயிரோடு மிஞ்சியது தொட்டிக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவே. அவரிடம் கேட்டால், "அதான் எல்லாரும் சொன்னாங்களே" என்பார்.

பள்ளிக்கூட விடுமுறைக் காலம்தான் அச்சகத்துக்கு உயிர்போகிற காலம். நோட்டுப் புத்தகம், பாடநூல் அட்டை என்று மெஷின் நிற்காது. அதனால் அந்த வருடம் பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் விடுவதாக மகள் சொன்னாள். கேட்டதும் மிஷன்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள் அறைக்கு வெள்ளை அடித்தார். மரக்கடையில் பலகை வாங்கிவந்து அடுக்குக் கட்டில் ஒன்றைத் தானே செய்தார். உருண்டை விழுந்துவிடக் கூடாது என்று கீழ்க் கட்டிலுக்கும் தடுப்பு வைத்தார். அவர் சீட்டியடித்துக்கொண்டே உளி பிடித்ததைப் பார்த்து, மனுஷன் தேறிவிட்டார் என்று சிஸ்டர் நினைத்தாள்.

கட்டிலை எங்கே போட்டார் என்று பிறகுதான் கவனித்தாள். ஜன்னலோரம் காற்று வரும் இடம் காலியாக இருந்தது. கட்டில் உள்சுவரை ஒட்டி, கதவுக்கு நேர் எதிரே இல்லாமல் மூலையில் ஒதுங்கி இருந்தது.

"அங்க போட்டா புழுங்குமே" என்றாள்.

"ஜன்னல் பக்கம் வேண்டாம்."

"ஏன்?"

"வெளிச்சம் கண்ணுல அடிக்கும்."

கட்டிலுக்கு அடியில் தண்ணீர் கேன்கள் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பாசி பிடித்திருக்கிறது என்று வடித்துத் தேய்த்துக் கழுவினார். கழுவியவர் திரும்ப நிரப்பவில்லை. தெருக்குழாய்த் தண்ணீரை நேராக மாடித் தொட்டிக்கு ஏற்றும்படி பைப்பை மாற்றிவிட்டார். கேட்டதற்கு, இன்னும் காயட்டும் என்றார்.

பிள்ளைகள் வந்தார்கள். வீடு இரண்டுபட்டது. வாலு தாத்தாவின் ஸ்குரூ டிரைவரை எடுத்து ரேடியோவைப் பிரித்துப் போட்டாள். உருண்டை அவர் முதுகை விட்டு இறங்குவதாக இல்லை. மகள் போனில் பேசும்போது குரலே மாறியிருந்தது.

"அப்பாகிட்ட இவ்வளவு ஒட்டிக்குவாங்கன்னு நான் நினைக்கலம்மா. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக்கூட இருக்கு."

சிஸ்டர் காலையில் சர்ச் நடத்தும் இலவச கிளினிக்கில் கட்டுப் போடப் போவாள். ஒரு நாள் கொஞ்சம் சீக்கிரம் திரும்பினாள். கதவைத் தள்ளியதும், உள்ளே நடைவழியில் பிள்ளைகள் இருவரும் குப்புறக் கிடப்பது தெரிந்தது. கன்னம் தரையில் பதிந்திருந்தது. கை கால் அசையவில்லை. ஓடிப்போய்த் தொட்டதும் வாலு களுக்கென்று சிரித்தாள்.

"போங்க பாட்டி, உங்களால நான் தோத்துட்டேன். இது பல்லி ஆட்டம். தாத்தா ரெண்டு தட்டு தட்டினா பல்லி மாதிரி ஒட்டிக்கணும். சத்தம் போடக் கூடாது. யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது."

உருண்டை இன்னும் எழவில்லை. கண் திறந்திருந்தது. தாத்தா உள் அறையிலிருந்து வந்து போதும் என்ற பிறகுதான் எழுந்து மிட்டாய்க்குக் கை நீட்டினான்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவள் கேட்டாள். "இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டுதான்."

"அங்க நடந்தது அங்கயே போச்சு. இங்க எதுக்கு அது?"

"இங்கயும் தெரு இருக்கே சிஸ்டர். தெருன்னா யார் வேணும்னாலும் வரலாம்."

மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்று சொல்பவரைப் போலச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் அவளைப் பயமுறுத்தியது. மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். மெஷின் இரைச்சலுக்கு நடுவே மகள் சந்தோஷமாக ஏதேதோ சொன்னாள். இவள், "பிள்ளைங்க நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், எதிர்ப்புறத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு லாரி வந்தது. அன்று கிளினிக்கில் கூட்டம் அதிகம், சிஸ்டர் திரும்பியபோது சாயங்காலமாகிக்கொண்டிருந்தது. லாரி போய்விட்டிருந்தது. தெருவோரம் இரும்புக் கம்பிகள் குவிந்து கிடந்தன. பக்கத்துக் கடைத் தையல்காரர் அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மா, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா? லாரியில ஒரு பத்துப் பேர் நின்னுக்கிட்டு வந்தாங்க. கம்பியை மேலேருந்து தள்ளிவிட்டாங்க, இடி விழுந்த மாதிரி சத்தம். ஐயா வாசல்ல இருந்தவரு ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு உள்ள ஓடினாரு. நான் கூப்பிட்டேன். திரும்பியே பார்க்கல."

"எப்போ?"

"மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன், அப்போ."

வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனாள். சமையலறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. மேசையில் பாதி கடித்த ரொட்டி, கவிழாத பால் டம்ளர். போன் அடித்து ஓய்ந்தது. கட்டிலருகே இருக்கும் பிள்ளைகளின் செருப்புகள் இல்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தொட்டியின் இரும்பு மூடி மூடியிருந்தது. விளிம்பில் ஒரு துண்டுக் குழாய் மூச்சு விடுவதற்காகச் செருகியிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. உள்பக்கம் கொக்கி. அந்த மூடிக்கு முன்பு கொக்கி கிடையாது. எப்போதோ போட்டிருக்கிறார்.

மண்டியிட்டுக் குழாயில் வாய் வைத்து மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, நான்தான். கம்பி லாரிங்க அது. இறக்கிட்டுப் போயிட்டாங்க. யாரும் இல்ல, வாங்க."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது, அவளுக்கு அல்ல, பிள்ளைகளுக்கு. "இப்படித்தான் சொல்லுவாங்க. அசையாதீங்க."

அப்போதுதான் அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரம். தொட்டிக்குப் போகும் வால்வை அவர் அடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் பழைய வால்வு, வேகமாகத் தண்ணீர் வந்தால் கசியும். இருட்டுக்குள் சொளசொளவென்று விழுந்துகொண்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளை அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு அழவில்லை. அவள் காதைக் குழாயோடு ஒட்டவைத்துக் கேட்டாள். ஒரு விசும்பல்கூட இல்லை.

தையல்காரரைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் நெம்பலாம். ஆம்பளைக் குரலும் இரும்புச் சத்தமும் கேட்டால் உள்ளே அவர் என்ன செய்வார்? பிள்ளைகள் வாயைப் பொத்துவார். எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்திப் பொத்துவார்? அவள் எழுந்துபோய்த் தெருக்குழாய் இணைப்பைத் திருகி மூடிவிட்டுத் திரும்பி வந்தாள். வார்டில் பேசுகிற குரலில், கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னாள்.

"கரண்ட் போயிடுச்சுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல ஆள் இருக்கு."

அப்புறம் அவர் கேட்டார்.

"எந்த லைன்?"

"மெயின் லைன்."

கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. முதலில் உருண்டையைத் தூக்கிக் கொடுத்தார், பிறகு வாலுவை. இருவரும் முழங்கால்வரை நனைந்து வெடவெடவென்று நடுங்கினார்கள். கடைசியாக அவர் ஏறி வந்து, ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரண்ட் இருக்கே, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பாட்டி, நாங்க ஜெயிச்சோமா?" என்று வாலு கேட்டாள்.

சிஸ்டர் தானே மகளைக் கூப்பிட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மகள் கையில் மையோடு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. பிள்ளைகளின் துணிகளைப் பைக்குள் திணித்தாள்.

"முன்னாடியே தெரியும்ல உங்களுக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டே."

"ஆமா. அனுப்பியிருக்க மாட்டேன்." அதற்குப் பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அடுத்தவங்க பிள்ளைங்களுக்காக என்னை விட்டுட்டுப் போனீங்க. சரின்னு இருந்துட்டேன். இப்போ என் பிள்ளைங்களை..." முடிக்க முடியவில்லை.

அவர் பையைத் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தார்.

"கூட்டிட்டுப் போம்மா. உங்க வீட்டுச் சுவர் கெட்டிதானே?" என்றார்.

மறுநாளே சிஸ்டர் அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். சின்ன வயசுப் பெண் டாக்டர், பொறுமையாகக் கேட்டார். மாத்திரை கொடுத்தார். தொட்டியை மண் போட்டு மூடிவிடலாம் என்று சொன்னது மிஷன்காரரேதான். கொத்தனார் மூடி முடிக்கும்வரை கூடவே நின்றார். ஆனால் அந்த வாரமே, மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தை அவர் டேப் வைத்து அளப்பதை சிஸ்டர் பார்த்தாள். டாக்டரிடம் சொன்னாள்.

"அளந்தா அளக்கட்டும்மா. அளந்ததை என்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடம் திறந்து வெகுநாள் கழித்து மகள் தனியாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா எதிரில் உட்கார்ந்தாள்.

"உருண்டை அச்சகத்துக்கு வந்தா, மெஷின் போட்டதும் தரையில படுத்துக்கறான். அழறதில்ல. தூக்கினாலும் கட்டை மாதிரி இருக்கான். அங்க என்ன நடந்துச்சுப்பா? எனக்குத் தெரியணும்."

மிஷன்காரர் சொன்னார். சமையலறையில் நின்ற சிஸ்டரும் முதல்முறையாகக் கேட்டாள்.

"ஒன்பது பிள்ளைங்கம்மா. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். இருட்டினப்புறம் மேல யாரோ தட்டினாங்க. எல்லாம் முடிஞ்சுது, போயிட்டாங்க, வாங்கன்னு சொன்னாங்க. எங்க சமையல்காரர் குரல். தினம் எனக்கு டீ கொண்டாந்து குடுக்கறவர். பிள்ளைங்க எழுந்திருச்சிடுச்சு. அந்தக் குரல்ல ஏதோ சரியில்லைன்னு எனக்குத் தோணுச்சு. அசையாதீங்கன்னு சொல்லிட்டேன். அவர் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திறக்கல."

"அவர் என்ன ஆனார்?"

"காலையில வெளிய வந்தப்போ பார்த்தேன்."

மகள் அன்று இருட்டும்வரை இருந்தாள். அவர்கள் அதிகம் பேசியதாக சிஸ்டருக்கு நினைவில்லை.

உருண்டையையும் அதே டாக்டரிடம் காட்ட ஆரம்பித்தார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே கிழமை. மகளே இருவரையும் கூட்டிப்போனாள். ஒருமுறை காத்திருக்கும் அறையில் யாரோ இழுத்த இரும்பு நாற்காலி தடாலென்று கவிழ்ந்தது. மிஷன்காரர் பாதி எழுந்துவிட்டார். உருண்டை முட்டி மடங்கிக் கீழே சரிந்தான், கன்னத்தைத் தரையில் வைக்கப் போனவன் நிமிர்ந்து, வாயைக் கோணி, ஊரே கேட்கும்படி ஓவென்று அழுதான்.

"பிள்ளையை வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, இங்க பேஷன்ட்ஸ் இருக்காங்க" என்றார் அங்கிருந்த ஊழியர்.

"அழட்டும்" என்றாள் மகள்.

மிஷன்காரர் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வாயைப் பொத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையின் தோள்பட்டை முழுக்க நனைந்துபோயிற்று.

இப்போதும் பிள்ளைகள் அந்த வீட்டில் இரவு தங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து, சாயங்காலம் மகளோடு போய்விடுகிறார்கள். அவர்கள் போனதும் மிஷன்காரர் ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறார். சிஸ்டர் கேட்டால் மறைப்பதில்லை.

"பார்த்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்கிறார்.